‘கிடைக்கவில்லை’ என்று எழுதும் இடம்

தமிழ் முதுகலை ஆய்வேடுகளின் கடைசிப் பக்கங்களில் ஒரு வாக்கியம் அநேகமாகத் தவறாமல் வந்துவிடும். “பெண்கள் குறித்த தரவுகள் போதிய அளவில் கிடைக்கவில்லை.” அதற்கு முன்னால் “காலக் குறைவின் காரணமாக” என்ற சொற்களும் சில சமயம் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு துணைநூற்பட்டியல் தொடங்கிவிடும். இந்த வாக்கியத்தை யாரும் நின்று படிப்பதில்லை. நெறியாளர் படிப்பதில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர் படித்தாலும், “குறையை நீங்களே ஏம்மா எழுதிக் காட்டுறீங்க?” என்று கேட்பதற்காகவே படிக்கிறார். நான் மாணவியாக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இப்போதும் அது மாறவில்லை.

எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் தனி அக்கறை உண்டு. பெண்ணைப் பற்றி எழுதும் ஆய்வேட்டில் அதிகமான வரலாறு புதைந்திருக்கும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நம் துறைகளில் ‘ஆய்வு எல்லை’ என்ற தலைப்பு முன்னுரையிலேயே வந்துவிடுகிறது. ஆய்வு நோக்கம், கருதுகோள், ஆய்வு எல்லை, ஆய்வு முன்னோடிகள், இயல் பகுப்பு என்று அதற்கொரு வரிசை இருக்கிறது. எல்லை என்பது நாமே கட்டிக்கொள்ளும் வேலி. இந்த மூன்று நாவல்கள் மட்டும், இந்தப் பத்து ஆண்டுகள் மட்டும் என்று நாம் தேர்ந்துகொள்கிறோம். இறுதியில் எழுத வேண்டிய வரம்பு வேறு. நாம் தேர்ந்துகொள்ளாதது, நமக்கு முன்னால் வேறு யாரோ கட்டி வைத்தது, நாம் முட்டிக்கொண்டது எல்லாம் அங்கே வரும். இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் ‘கிடைக்கவில்லை’ என்ற சொல் இவ்வளவு சுலபமாக விழுகிறது.

முடிவுரையிலும் இதே சிக்கல். “முதல் இயலில் இன்னது கண்டறியப்பட்டது, இரண்டாம் இயலில் இன்னது கண்டறியப்பட்டது” என்று சொன்னதையே சுருக்கிச் சொல்வதை முடிவுரை என்கிறோம். கண்டறிந்தவற்றுக்கு என்ன பொருள், வேறு விளக்கம் இருக்க முடியுமா, எவ்வளவு தூரம் உறுதியாகச் சொல்லலாம் என்று வாதிடும் பகுதி நம் மரபில் வலுவாக இல்லை. அறிவியல் இதழ்களில் அறிமுகம், முறை, முடிவு, விவாதம் என்ற கட்டமைப்பு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உறுதியானது. அங்கிருந்து சமூக அறிவியலுக்கும், இப்போது நம் பக்கமும் அது வந்திருக்கிறது. இறக்குமதிச் சரக்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. விவாதமும் வரம்பும் பெண்களின் வரலாற்றுக்குப் பயன்படும் கருவிகள் என்பது என் கட்சி.

கருவடிக்குப்பத்தில் வீடெடுத்துத் தங்கிப் படித்த ஒரு முதுகலை மாணவியின் வேலையை வைத்து இதைச் சொல்கிறேன். அவள் எடுத்துக்கொண்ட பொருள் பிரெஞ்சுப் புதுச்சேரியில் பெண்கள். முதுகலை ஆய்வேட்டுக்கு மிகப் பெரிய பொருள்தான். ஆனாலும் குறுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எம்.ஃபில். பட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் நிறுத்திவிட்ட பிறகு, நம் பெண்களில் பலருக்கு முதுகலை ஆய்வேடுதான் வாழ்நாளில் எழுதும் ஒரே புத்தகம். அடுத்த ஆண்டு கல்யாணம், அதற்கடுத்த ஆண்டு வேறு ஊர்.

கருவடிக்குப்பம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சித்தானந்த சுவாமி கோயில். இலக்கியக்காரர்களுக்குப் பாரதியின் குயில் தோப்பு. உள்ளூர்க்காரர்களுக்குச் சுடுகாடும்கூட. பக்கத்திலேயே இலாசுப்பேட்டை ஜீவானந்தபுரத்தில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி ஆவண மையம் இருக்கிறது. பிரெஞ்சுக் கால ஆவணங்கள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆவணத்துக்கும் அவளுக்கும் நடுவே தெருக்கள் சிலதான். ஆனால் அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று கைமாறியது, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடந்தது. காலனிக் கால ஆவணங்களில் ஒரு பெரும்பகுதி பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்துக் காப்பகத்தில் இருக்கிறது. முதல் வரைவில் அவள் இதையெல்லாம் “தரவுகள் கிடைக்கவில்லை” என்று இரண்டே சொற்களில் முடித்திருந்தாள். மொழி தெரியாததால் படிக்க முடியாதது, கடல் கடந்து போனது, முதலிலேயே எழுதப்படாதது ஆகிய மூன்றும் வேறு வேறு. ஒன்று படிப்பின் குறை, ஒன்று காலனியத்தின் குறை, ஒன்று எழுதியவர்களின் குறை.

அவளுடைய முதல் இயல் ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பைப் பற்றியது. 1736இல் தொடங்கி, 1761 ஜனவரியில் அவர் இறக்கும் காலம்வரை நீளும் குறிப்புகள். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னை அரசால் வெளியிடப்பட்டது. தமிழில் எழுதப்பட்ட ஒன்றைத் தமிழர்கள் முழுமையாகத் தமிழில் படிக்க அதன் பிறகும் வெகுகாலம் காத்திருக்க வேண்டியிருந்தது. முழுத் தமிழ்ப் பதிப்பைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் கவிஞர் அ. வெண்ணிலா என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை.

அந்த நாட்குறிப்பில் மிக உயிரோடு நடமாடும் பெண், ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி ழான். புதுச்சேரியில் 1706இல் பிறந்தவர். தந்தை பிரெஞ்சு அறுவை மருத்துவர். தாய் வழியில் போர்த்துகீசிய, இந்தியக் கலப்பு. தமிழ் பேசத் தெரிந்தவர். வேன்சான் என்ற வணிகரை மிகச் சிறு வயதில் மணந்து, பல பிள்ளைகள் பெற்று, கணவர் இறந்த பின் 1741இல் துய்ப்ளேயை மணந்தார். பிள்ளையின் பக்கங்களில் அவர் லஞ்சம் வாங்குகிறார், சூழ்ச்சி செய்கிறார், கணவரை ஆட்டிவைக்கிறார். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதற்கும் அவரே காரணம். மாணவியின் வரைவிலும் அப்படியே இருந்தது: “மதாம் துய்ப்ளே கோயிலை இடிக்கச் செய்தார்.” நாட்குறிப்பின் தொகுதியும் பக்கமும் அடிக்குறிப்பில். மேற்கோள் முறை சுத்தம்.

எழுதியவர் யார் என்பதை அந்த வாக்கியம் மறந்துவிட்டது. தலைமைத் துபாஷ் பதவிக்கான போட்டியில் மதாம் தமக்கு எதிராக நின்றார் என்று பிள்ளையே எழுதுகிறார். இரண்டு பேருமே ஆளுநரின் காதுக்காகப் போட்டியிட்டவர்கள். இருவருக்குமே தமிழும் தெரியும், ஊரின் உள்விவகாரமும் தெரியும். அதாவது, துபாஷ் செய்யும் வேலையை வீட்டுக்குள்ளிருந்தே செய்யக்கூடிய ஒரு பெண் ஆளுநருக்கு வாய்த்திருந்தார். துபாஷுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கோயில் இடிபட்டது உண்மை. அதில் ஆளுநர், ஆலோசனை சபை, பாதிரிகள், போர்ச் சூழல் எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கையில் பழி எப்படி ஒரு பெண்ணின் தலையில் வந்து குவிந்தது என்பது தனிக் கேள்வி. ழான் நல்லவர் என்று சொல்ல எனக்கு ஆசை இல்லை. காலனி அதிகாரத்தின் மையத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனால் நம்மிடம் இருப்பது அவருடைய போட்டியாளரின் பேனா.

இதை வரம்பாக எழுதினால் எப்படி இருக்கும்? நாங்கள் இரண்டு மாலை உட்கார்ந்து திருத்திய வடிவம் இது: “ழான் துய்ப்ளே பற்றி இவ்வாய்வில் வருபவை பெரிதும் ஆனந்தரங்கப்பிள்ளையின் குறிப்புகள். அவர் ழானோடு பதவிப் போட்டியில் இருந்தவர். பிரெஞ்சு மூலங்கள் இங்கே ஒப்பிடப்படவில்லை. எனவே கோயில் இடிப்பில் ழானின் பங்கு எவ்வளவு என்பதை இவ்வாய்வு முடிவு செய்யாது. அப்பழி ஒரு பெண்ணின் மேல் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை மட்டுமே விவாதிக்கும்.” இப்படி எழுதியதும் அவள் திரும்பிப் போய் முதல் இயலின் தலைப்பையே மாற்றினாள். வரம்புப் பகுதி ஒழுங்காக எழுதப்பட்டால் அது பின்னோக்கி நடந்து முதல் பக்கத்தையும் தொடும். கடைசி நாளில், பைண்டிங் கடைக்குப் போகும் முன் எழுதும் பகுதி அல்ல அது. முதல் வாரத்திலிருந்து ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டே வர வேண்டியது.

ழான் துய்ப்ளேவுக்கு ஒரு பெண் வரலாற்றாசிரியரும் கிடைத்தார். இவோன் ரொபேர் கெப்ளே 1934இல் அவரைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு நூல் எழுதினார். பெண்ணைப் பற்றிப் பெண் எழுதிய வாழ்க்கை வரலாறு, அதுவும் நம் ஊர் சார்ந்தது. மகிழ்ச்சியோடு கைதட்டலாம். தட்டிக்கொண்டே நூலாசிரியரின் பெயரை இன்னொரு முறை பார்க்கலாம். கெப்ளே என்பது புதுச்சேரியின் பஞ்சாலை ஒன்றின் பெயரும்தான். பிற்காலத்தில் பாரதி மில் ஆனது. சவானா, ரோடியர், கெப்ளே ஆகிய மூன்று ஆலைகளின் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கிய 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுக் காவல் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. வ. சுப்பையாவின் பெயரோடும் 12 தியாகிகளின் பெயர்களோடும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30 நினைவுகூரப்படுகிறது. பன்னிரண்டும் ஆண் பெயர்கள்.

ஆலைகளில் பெண்களும் வேலை செய்தார்கள். பெண்களின் இரவு வேலை, பேறுகாலம் பற்றிய கோரிக்கைகள் அந்தக் காலப் போராட்டங்களில் இடம்பெற்றன. கோரிக்கை இருக்கிறது, கோரியவளின் பெயர் இல்லை. ஒரு ஆளுநர் மனைவிக்கு இருநூறு ஆண்டுகள் கழித்தும் வாழ்க்கை வரலாறு எழுதப்படுகிறது. அதே நகரத்தில் அதே ஆண்டுகளில் நூல் நூற்ற பெண்ணுக்கு ஒரு வரி இல்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் ‘பெண்கள் பற்றிய தரவு’ என்று எழுதினால் நாம் எதையோ மறைக்கிறோம். ‘கிடைக்கவில்லை’ என்று அவள் எழுதியது வரம்பில் வர வேண்டியதே அல்ல, விவாதத்தில் வர வேண்டியது. அது ஒரு கண்டுபிடிப்பு. யாருக்குத் தரவு இருக்கிறது, யாருக்கு இல்லை, இருப்பதை எந்தக் கை எழுதியது என்று அடுக்கினால் அந்த நகரத்தின் வர்க்கமும் சாதியும் பாலினமும் வரைபடமாகத் தெரியும்.

ஆலைப் பெண்களைப் பற்றிக் காகிதத்தில் இல்லாததை வாய்மொழியாகத் தேடலாம் என்று அவள் முயன்றாள். அப்போது நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பேத்திகள் இன்றும் வேலைக்குப் போகிறவர்கள். வீடு திரும்ப மாலை ஏழு மணியாகும். மாணவி ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டுக்காரம்மாவின் விதி அது. ஊரிலிருக்கும் அப்பாவின் விதியும் அதுவே. ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால் துணைக்கு அண்ணன் வந்தான். அண்ணன் உட்கார்ந்திருக்கும் திண்ணையில் பேறுகாலம் பற்றியும், மேஸ்திரி பற்றியும், ஆலைக்குள் கழிப்பிடம் இருந்ததா என்பது பற்றியும் பாட்டி சொன்ன கதைகளை எந்தப் பேத்தி பேசுவாள்? ஆகவே அவளுக்குக் கிடைத்த நேர்காணல்கள் பெரும்பாலும் பகலில் வீட்டிலிருந்த முதியவர்களோடு. ஓய்வுபெற்ற ஆண்கள், தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள். அவர்கள் அருமையாகப் பேசினார்கள், துப்பாக்கிச்சூட்டைப் பற்றி.

ஆய்வேட்டின் பதினேழு நேர்காணல்களில் பதின்மூன்று ஆண்களுடையவை. அதற்கு அவள் எழுதியிருந்த காரணம், “பெண்கள் பேச முன்வரவில்லை.” அவர்கள் முன்வராமல் இல்லை. அவர்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் இவள் வெளியே போக முடியவில்லை. ஆய்வாளரின் பாலினம் தரவின் பாலினத்தை முடிவு செய்துவிட்டது. இதை எழுதலாமா, சொந்தக் கதை மாதிரி இருக்காதா என்று அவள் தயங்கினாள். எழுதலாம் என்று மட்டுமல்ல, எழுதாவிட்டால் பிழை என்று சொன்னேன். வானிலை சரியில்லாததால் அளவீடு தடைபட்டது என்று புவியியல் மாணவர் கூச்சமில்லாமல் எழுதுகிறார். மாலை ஆறு மணி என்பது நமக்கு வானிலை போலத்தான், பெய்துகொண்டே இருக்கிறது. “நேர்காணல்கள் பகல் பத்து முதல் மாலை ஐந்து வரை நிகழ்ந்தன. ஆய்வாளரின் வெளிநடமாட்டத்துக்கு இருந்த கட்டுப்பாடே காரணம். பணிக்குச் செல்லும் பெண்கள் இதனால் விடுபட்டனர்.” மூன்று வாக்கியங்கள். புலம்பல் இல்லை, முறையியல்.

காயத்ரி சக்ரவர்த்தி ஸ்பீவாக் 1985இல் சிர்மூர் ராணியைப் பற்றி எழுதிய கட்டுரை இங்கே உதவும். இமயமலைச் சாரலில் இருந்த ஒரு சிற்றரசின் ராணி, கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தேவைப்படும்போது மட்டும் ஆவணத்தில் தோன்றுகிறார், தேவை தீர்ந்ததும் மறைகிறார். நம் ஊரில் அந்த வாக்கியத்தைச் சோதித்துப் பார்க்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. ‘எத்தா சிவில்’ பதிவேடுகளைத் திறந்தால் ஆயிரக்கணக்கான பெண்கள் பெயரோடு இருக்கிறார்கள்: பிறந்தபோது, மணந்தபோது, பெற்றபோது, இறந்தபோது. இடைப்பட்ட நாட்களில் அரசுக்கு அவர்களிடம் வேலை இல்லை. கப்பல்களும் அப்படியே. 1853 மே 6 அன்று ‘ஓரேலி’ என்ற கப்பல் நம் பக்கத்துக் கூலித் தொழிலாளர்களை மர்த்தினிக் தீவில் இறக்கியது. பின்னர் குவாதலூப்புக்கும் ரெயூனியோனுக்கும் ஆயிரமாயிரம் பேர். பிரிட்டனும் பிரான்சும் 1861இல் செய்துகொண்ட ஒப்பந்தம், ஏற்றப்படுபவர்களில் குறிப்பிட்ட விகிதம் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. பெண்கள் எண்ணப்பட்டார்கள். எண்ணிக்கையை நிரப்ப வேண்டியிருந்ததால் எண்ணப்பட்டார்கள். ஏன் கப்பலேறினாள், யாரிடமிருந்து தப்பினாள் என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

கவிதை எழுதுகிறவளாக, அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். மாணவிக்கும் அரித்தது. ஒரு பெண்ணின் கப்பல் பயணத்தைக் கற்பனை செய்து இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தாள். நன்றாகவே இருந்தது. ஆய்வேட்டிலிருந்து அதை எடுக்கச் சொன்னேன். அடிமைக் கப்பலில் கொல்லப்பட்ட ஒரு சிறுமியைப் பற்றிச் சைதியா ஹார்ட்மன் 2008இல் எழுதிய கட்டுரை இந்தத் தவிப்பை நேராகப் பேசுகிறது. இல்லாத குரலை நாம் இட்டு நிரப்பும்போது நம் ஆறுதலுக்காகத்தான் செய்கிறோமா என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்கிறார். அந்த இரண்டு பக்கங்கள் வேறு புத்தகத்துக்குப் போகட்டும். ஆய்வேட்டில் கட்டம் காலியாக இருக்கிறது என்பதும், எந்த அலுவலகம் அந்தப் படிவத்தை வடிவமைத்தது என்பதும் போதும்.

இருப்பதையும் நாம் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது இன்னொரு பக்கம். பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அந்த வீட்டை உள்ளிருந்து பார்த்த ஒரு சிறுமி, மண்டயம் ஸ்ரீநிவாசாச்சாரியாரின் மகள் யதுகிரி, பின்னாளில் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ 1954இல் நூலாக வந்தது. பாரதி எந்தப் பாட்டை எப்போது எழுதினார் என்று சரிபார்க்க எல்லோரும் அதைப் புரட்டுகிறார்கள். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் புதுச்சேரியில் ஒரு பெண் குழந்தை எந்தத் தெருவரைக்கும் போகலாம், யார் பேசும்போது உட்கார்ந்திருக்கலாம், எதைக் கேட்கலாம் என்பதற்கான மூலமாக அதைப் படித்தவர்கள் குறைவு. தலைப்பில் ஆணின் பெயர் இருப்பதால் உள்ளே இருக்கும் பெண் தரவாகக் கண்ணில் படுவதில்லை. குயில் தோப்புக்குப் பக்கத்தில் குடியிருந்த மாணவிக்கும் அந்த நூல் முதலில் துணைநூற்பட்டியலில் இல்லை. அவள் நினைத்தது, “அது பாரதி பற்றியது, மேடம்.” பிறகு சேர்த்தாள், வரம்போடு: ஒரு பிராமண வீட்டுச் சிறுமியின் பார்வை, பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதியது, குப்பத்துப் பெண்களைப் பற்றி இதிலிருந்து எதையும் பொதுமைப்படுத்த முடியாது.

தரவு இல்லை என்பதை வரம்பாக எழுதி முடிப்பதோடு நிற்காதவர்களும் இருக்கிறார்கள். சி.எஸ். லக்ஷ்மி, நமக்கெல்லாம் அம்பை, தமிழ் இலக்கியத்தில் பெண்கள் பற்றிய தன் ஆய்வு நூலை 1984இல் வெளியிட்டார். 1988இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். ஒலிப்பதிவுகள், படங்கள், கடிதங்கள், வாய்மொழி வரலாறுகள் என்று பெண்களின் வாழ்க்கைக்கு அங்கே இடம் கிடைத்தது. எல்லோரும் காப்பகம் கட்ட முடியாது. பதினேழு நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளையும், பேசியவர்களின் ஒப்புதலோடு, துறை நூலகத்தில் வைத்துவிட்டுப் போக முடியும். பெரும்பாலான ஆய்வேடுகளின் ஒலிப்பதிவுகள் கைப்பேசி மாற்றும்போது அழிந்துபோகின்றன. அடுத்து வருகிறவளும் “தரவுகள் கிடைக்கவில்லை” என்று எழுதுகிறாள்.

மாணவியின் வரம்புப் பகுதி கடைசியில் இரண்டரைப் பக்கம் வந்தது. எந்தப் பதிப்பு, எந்த மொழி, எந்த மணி நேரம், யார் உடனிருந்தார், ஜீவானந்தபுரத்தில் எந்தப் பதிவேடுகள் இருப்பதாகக் கேட்டு அறிந்தும் பார்க்க முடியாமல் போனது என எல்லாம் அதில் இருந்தன. பிரெஞ்சு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருத்தி எங்கிருந்து தொடங்கலாம் என்றும் எழுதியிருந்தாள். வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கங்களுக்கு வந்ததும் அதே கேள்வி வந்தது: “குறையை நீங்களே ஏம்மா எழுதுறீங்க?”

“இது என்னோட குறை இல்ல, சார்” என்றாள் அவள். “எதெது யாரோட குறைன்னு பிரிச்சு எழுதியிருக்கேன்.”